காரீயம் இல்லாத குண்டு: கைத்துப்பாக்கியில் எந்த உலோகம் எதற்கு?

எங்கள் அப்பா திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்தார். ரசம் வைக்க ஈயச்செம்பு வாங்க வருகிறவர்கள் செம்பைக் கையில் எடுத்ததுமே கேட்பது ஒன்றைத்தான்: “அண்ணாச்சி, நல்ல ஈயம்தானே?” அப்பா வாயால் பதில் சொல்ல மாட்டார். மேசை அறையிலிருந்து ஒரு மெல்லிய ஈயப் பட்டையை எடுத்து, அவர்கள் காதுப்பக்கம் கொண்டுபோய் வளைப்பார். நறநறவென்று ஒரு சத்தம் வரும். அப்புறம் செம்பின் விளிம்பைக் கணக்கு நோட்டின் ஓரத்தில் வைத்து இழுப்பார். “காரீயமா இருந்தா பென்சில் மாதிரி கறுப்பா கோடு விழும்மா. வளைச்சா சத்தமும் கேட்காது. இது வெள்ளீயம்” என்பார்.

அந்தக் கறுப்புக் கோட்டை நான் மறுபடி பார்த்தது என் அண்ணன் மகளின் விரலில். பாளையங்கோட்டையில் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். ஒருநாள் சாயங்காலம் பயிற்சி முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தவள், வந்த வேகத்தில் காராச்சேவு பொட்டலத்தில் கைவிட்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சாம்பல் நிறமாக இருந்தன. கையைப் பிடித்துச் செய்தித்தாள் ஓரத்தில் தேய்த்தேன். கோடு விழுந்தது. “ஏட்டி, போய் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வா” என்றேன். “எல்லாருக்கும் இப்படித்தான் சித்தப்பா இருக்கும்” என்றபடியே போனாள். கழுவிவிட்டு வந்து கேட்டாள்: “காரீயம் அவ்வளவு மோசம்னா, குண்டை வேற எதுலயாவது செய்யலாம்லா?”

செய்யலாம். செய்கிறார்கள். ஆனால் காரீயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு உலோகத்தை அப்படியே வைத்துவிட முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தன்னால் புரியும்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். நாம் பேச்சில் ஈயம் என்று சொல்வது இரண்டு உலோகங்களை. ரசச் செம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். குண்டு, பழைய தண்ணீர்க் குழாய், கார் பேட்டரி, வலையில் கோக்கும் மணி எல்லாம் காரீயம். வெள்ளீயம் சமையலறைக்கு வரலாம். காரீயம் வரவே கூடாது. ஈயச்செம்பில் காரீயம் கலந்து விற்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அப்பாவின் கணக்கு நோட்டுச் சோதனை அதற்காகத்தான்.

இனி, குண்டுக்குக் காரீயத்தை ஏன் பிடித்தார்கள்? தாமிரபரணியிலோ ஊர்க் குளத்திலோ வீச்சுவலை வீசுகிறவரைப் பாருங்கள். வலையின் அடிவிளிம்பு முழுக்கச் சின்னச் சின்னக் காரீய மணிகள். சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் கனமாக இருக்க வேண்டும், பல்லால் கடித்தே கயிற்றில் இறுக்கும் அளவுக்கு மெத்தென்றும் இருக்க வேண்டும். (பல்லால் கடிப்பதை இனியாவது விட்டுவிடுவது நல்லது.) துப்பாக்கிக் குண்டுக்கும் வேண்டியது இதேதான்.

கனத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி. 100 மில்லி பிடிக்கும் ஒரு டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பினால் 100 கிராம். அதே டம்ளர் நிறைய வெள்ளீயம் என்றால் சுமார் 730 கிராம், இரும்பு 787, செம்பு 896, பிஸ்மத் 978, காரீயம் 1,134. டங்ஸ்டன் என்றால் 1,925 கிராம், ஏறக்குறைய இரண்டு கிலோ. தங்கமும் கிட்டத்தட்ட அதே கனம்தான். ஆக, காரீயத்தைவிடக் கனமாகவும் கைக்கு எட்டும் விலையிலும் உள்ள உலோகம் என்று பார்த்தால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது உருகுவது. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்பே போதும். செம்புக்கு 1,085 டிகிரி, இரும்புக்கு 1,538. அந்தக் காலத்தில் ஒரு கரண்டியும் ஒரு அச்சும் இருந்தால் யாரும் குண்டு வார்த்துக்கொள்ள முடிந்ததற்கு இந்தக் குறைந்த உருகுநிலைதான் காரணம். விலையும் குறைவு. செம்பு காரீயத்தைப்போல் பல மடங்கு விலை, வெள்ளீயம் அதைவிடவும் அதிகம்.

மூன்றாவது மென்மை. துப்பாக்கிக் குழலின் உள்பக்கம் வழவழப்பாக இருக்காது. திருகாணி மரை மாதிரி நீளமாகச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்தப் பள்ளங்களில் அழுந்தி, சுழன்றபடி வெளியே வர வேண்டும். பம்பரம் சுற்றும்வரை சாயாமல் நிற்கிறதே, அதே கதைதான்: சுழலும் குண்டு தலைகுப்புற விழாமல் நேராகப் போகும். குண்டு குழலைவிட மெத்தென்று இருந்தால்தான் பள்ளம் குண்டில் பதியும். கடினமாக இருந்தால் குண்டு குழலைத் தேய்த்துவிடும்.

நெல்லைச் சீமையில் கைத்துப்பாக்கி என்றதும் 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம் நினைவுக்கு வராதவர்கள் குறைவு. வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். அந்தக் காலத்துப் பிஸ்டல் குண்டும் இன்றைய சாதாரண பிஸ்டல் குண்டும் அமைப்பில் ஒன்றுதான்: உள்ளே காரீயக் கரு, மேலே மெல்லிய உலோக உறை. வெறும் காரீயம் வேகமாகப் போனால் குழலில் உரசி ஒட்டிக்கொள்கிறது என்பதால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஏற்பாடு அது. இங்கே புதிதாகப் படிக்கிறவர்கள் தவறிவிடும் ஒரு இடம் இருக்கிறது. தோட்டாவின் (குண்டும் வெடிமருந்தும் சேர்ந்த முழு உருப்படி அது) நுனி செம்பு நிறத்தில் பளபளப்பதைப் பார்த்துவிட்டு அதைச் செம்புக் குண்டு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தச் செம்பு நிறம் உறை மட்டும். சாதாரண உறைக் குண்டுகளில் அடிப்பக்கம் மூடாமல் காரீயம் திறந்தே இருக்கும். வெடிமருந்து எரியும் சூடு நேராக அந்தக் காரீயத்தில்தான் படுகிறது.

இதில் என்ன தீங்கு என்றால், காரீயம் உடம்பை ஏமாற்றும். சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து உடம்பு அதை வாங்கி எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் அங்கேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்கு வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடுகிறது. இவ்வளவு காரீயம் உடம்பில் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது, அழுத்தக் காற்றுதான். அதனால் அதில் முக்கியமான வழி விரல். ஒரு போட்டிச் சுற்றுக்கு 60 குண்டு, ஒவ்வொன்றையும் விரலால் எடுத்து வைக்க வேண்டும். நிஜக் கைத்துப்பாக்கி சுடும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். குண்டின் அடிப்பக்கம் கருகி ஆவியாகிறது. எதிரே இரும்புத் தடுப்பில் மோதி நொறுங்கித் தூசாகிறது. மூடிய அறையாக இருந்து காற்றோட்டமும் சரியில்லை என்றால் அந்தத் தூசு மூச்சில் போகும், சட்டையில் ஒட்டி வீட்டுக்கும் வரும். வாரத்துக்கு ஒருமுறை சுடுகிறவரைவிட, நாள்தோறும் அங்கே நின்று கற்றுக்கொடுக்கிறவருக்கும் தரையைக் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் பாதிப்பு அதிகம். என் கவலை முதலில் அவர்களைப் பற்றித்தான்.

பறவைகளின் கதை தனி. வாத்து இனப் பறவைகள் இரையை அரைக்கக் கூழாங்கல்லை விழுங்கும். வேட்டைத் துப்பாக்கியிலிருந்து சிதறி நீர்நிலை அடியில் கிடக்கும் காரீய ரவையையும் (பொடிப்பொடிக் குண்டு மணிகள்) கல் என்று நினைத்து விழுங்கிவிடும். வயிற்றில் அது அரைபட்டுக் கரைந்து பறவையைக் கொல்லும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்குக் காரீய ரவையை 1991ல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். டென்மார்க் 1996ல் காரீய ரவையை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து சதுப்பு நிலங்களில் நிறுத்தியது. கலிஃபோர்னியாவில், 1982ல் 22 பறவைகள் என்ற அளவுக்குச் சுருங்கிப்போன கொண்டோர் கழுகு இனம், வேட்டையில் விட்டுப்போன இறைச்சியைத் தின்று அதிலிருந்த காரீயத் துணுக்கால் சாகிறது என்று தெரிந்ததும், 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் காரீயக் குண்டு கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். நம் பக்கம் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையையே தடுத்துவிட்டது. கூந்தன்குளத்து மக்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. ஆனால் அங்கே வந்து இறங்கும் பட்டைத்தலை வாத்து மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வருவது. அதன் வழியில் எத்தனையோ நீர்நிலைகள் இருக்கின்றன. எங்கோ வேறு நாட்டில் போடும் தடை நம் ஊர்க் குளத்துப் பறவைக்கும் சேர்த்துத்தான்.

சரி, மாற்று உலோகங்களுக்கு வருவோம். ஒரு கணக்கோடு தொடங்கினால் எளிது. 9 மில்லிமீட்டர் பிஸ்டலில் 8 கிராம் குண்டு வழக்கமான ஒன்று. அது முழுக்கக் காரீயம் என்று வைத்துக்கொள்வோம். அதே வடிவம், அதே அளவு, உலோகம் மட்டும் வேறு என்றால், செம்பில் 6.3 கிராம், பிஸ்மத்தில் 6.9, இரும்பில் 5.6, வெள்ளீயத்திலும் துத்தநாகத்திலும் சுமார் 5, டங்ஸ்டனில் 13.6 கிராம். கனம் குறைந்தால் குண்டை நீளமாக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். கைத்துப்பாக்கியில் அதற்கு இடம் இல்லை. குறுக்களவைக் குழல் நிச்சயிக்கிறது, மொத்த நீளத்தைத் தோட்டா வைக்கும் கூடு நிச்சயிக்கிறது. குண்டு உள்பக்கமாக நீண்டால் வெடிமருந்தின் இடத்தைத் தின்றுவிடும். அதனால்தான் ரைஃபிளைவிடக் கைத்துப்பாக்கியில் இந்த மாற்றம் சிரமம்.

கனம் குறைந்த குண்டு குழலை விட்டு வேகமாகக் கிளம்பும், சீக்கிரம் வேகம் இழக்கும். கல்லும் தக்கையும் எறிந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். குறி படும் இடம் மாறும். பின்னுதைப்பும் மாறும். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல் அந்தப் பின்னுதைப்பை வைத்துத்தான் அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. உதைப்பு போதாமல் போனால் சிக்கிக்கொள்ளும்.

இருந்தும் இன்று முன்னால் நிற்பது செம்புதான். கனத்தில் காரீயத்துக்கு ஐந்தில் நாலு பங்கு. குழலைக் கெடுக்காத அளவுக்கு மென்மை. உறைக்கு ஏற்கனவே செம்புக் கலவையைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால் குழலுக்கும் பழகிய உலோகம். முழுச் செம்பில் குண்டைக் கடைந்து, நுனியில் குழி விட்டுச் செய்தால், இலக்கில் பட்டதும் அந்தக் குழி பூவிதழ் மாதிரி விரியும். காரீயக் குண்டு போல் துணுக்குத் துணுக்காகச் சிதறாது, பெரும்பாலும் ஒரே துண்டாக இருக்கும். குறைகளும் உண்டு. விலை அதிகம். வார்த்துத் தள்ள முடியாது, ஒவ்வொன்றையும் கடைய வேண்டும் அல்லது அழுத்திச் செய்ய வேண்டும். பக்கத்தில் வைத்த இரும்புத் தகட்டில் சுட்டால் காரீயம் மாதிரி தட்டையாகிவிடாமல் தெறித்து வரலாம். செம்பும் கரைந்து நீரில் கலந்தால் மீனுக்கும் பாசிக்கும் ஆகாது. புளி பட்ட செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் களிம்புக்குப் பயந்துதானே பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுகிறோம்.

இதில் பாத்திரக்கடைக்காரன் மகனான எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம் ஒன்று. செம்பில் கொஞ்சம் துத்தநாகம் கலந்தால் பித்தளை. கடைவதற்குச் செம்பைவிடப் பித்தளை எவ்வளவோ எளிது. அப்படியானால் ஏன் பித்தளைக் குண்டு அதிகம் வரவில்லை? காரணம் சட்டம். போலீஸ்காரர்கள் அணியும் கவச உடையைத் துளைக்கும் குண்டுகளைத் தடுக்க அமெரிக்கா 1986ல் ஒரு சட்டம் போட்டது. கைத்துப்பாக்கியில் பயன்படக்கூடிய குண்டு முழுக்க டங்ஸ்டன் கலவை, எஃகு, இரும்பு, பித்தளை, வெண்கலம், பெரிலியச் செம்பு, வலுவிழந்த யுரேனியம் ஆகியவற்றால் ஆனது என்றால் அது தடுக்கப்பட்ட வகை. அந்தப் பட்டியலில் செம்பு இல்லை, வெள்ளீயம் இல்லை, பிஸ்மத் இல்லை. உலகத்திலேயே பெரிய தோட்டாச் சந்தை அமெரிக்கா. அங்கே வழி அடைபட்டதும் தயாரிப்பாளர்கள் செம்பின் பக்கம் போனார்கள். இரும்பும் எஃகும் கைத்துப்பாக்கிக்கு ஒத்துவராததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம், அவற்றின் கடினம் இன்னொரு காரணம்.

பயிற்சிக்கு வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். செம்புத் தூளையும் வெள்ளீயத் தூளையும் கலந்து, அச்சில் வைத்துப் பலமாக அழுத்தி, சூடுகாட்டிக் குண்டாக்குகிறார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே இளகிவிடும் என்பதால் செம்புத் துகள்களை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ஈயம் பூசுகிறவர் துருத்தி ஊதி, நவச்சாரம் தூவி, சுட்ட பாத்திரத்தில் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்ததும் வெள்ளீயம் பித்தளையோடு ஒட்டிப் பளிச்சென்று வருமே, இரண்டு உலோகங்களுக்கும் உள்ள அந்த ஒட்டுறவேதான் இதுவும். இந்தக் குண்டு பறக்கும்போது கெட்டியாக இருக்கும். இரும்புத் தகட்டில் மோதினால் பொரிவிளங்காய் உருண்டையைக் கல்லில் எறிந்த மாதிரி பொடிப்பொடியாகும். தெறித்துத் திரும்பி வரும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது, காரீயத் தூசும் இல்லை. மூடிய பயிற்சிக் கூடத்துக்கு ஏற்றது. கனம் குறைவு என்பது மட்டும் இதிலும் உண்டு.

துத்தநாகம் மலிவு, ஆனால் லேசு. அதை விழுங்கும் பறவைக்கும் நஞ்சு. பிஸ்மத் கனத்தில் காரீயத்துக்குப் பக்கத்தில் வருகிறது, நஞ்சும் மிகக் குறைவு, வயிற்று மருந்துகளில்கூட அதன் உப்பைச் சேர்க்கிறார்கள். ஆனால் தட்டினால் உடையும் குணம் உள்ளது. ரவையாகப் பயன்படுகிறது, கைத்துப்பாக்கிக் குண்டாக அபூர்வம். தவிர, பிஸ்மத்தில் பெரும்பகுதி காரீயத்தைச் சுத்திகரிக்கும்போது துணைப்பொருளாகக் கிடைப்பது. காரீயச் சுரங்கத்தை மூடினால் அதுவும் குறையும்.

டங்ஸ்டனில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவம் 1990களில், காரீயம் நிலத்தடி நீரில் இறங்கக் கூடாது என்று, டங்ஸ்டன் தூளை நைலானில் பிணைத்து ரைஃபிள் குண்டு செய்தது. நஞ்சில்லாதது, தண்ணீரில் கரையாதது என்று நம்பினார்கள். மாசசூசெட்ஸில் ஒரு பயிற்சித் தளத்தில் லட்சக்கணக்கில் சுட்டார்கள். அப்புறம் பார்த்தால் டங்ஸ்டன் மண்ணில் கரைந்து நகர்கிறது. 2006ல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் வெளிவந்த ஓர் ஆய்வில், டங்ஸ்டனோடு நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த உலோகக் கலவைத் துண்டுகளை எலிகளின் உடம்பில் வைத்தபோது புற்றுக்கட்டி வந்தது. 2010ல் அந்த ராணுவம் கொண்டுவந்த புது ரைஃபிள் குண்டில் காரீயத்தின் இடத்தில் செம்பு இருந்தது. காரீயத்தை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்காருவதற்கு முன்னால், உள்ளே வைத்தது என்ன, அது மண்ணில் என்ன ஆகிறது என்று பார்த்தே தீர வேண்டும்.

இவ்வளவும் செய்து குண்டை மாற்றினாலும் காரீயம் முழுதாகப் போய்விடாது. தோட்டாவின் அடியில் பிரைமர் என்று ஒரு சின்ன மூடி இருக்கும். துப்பாக்கி முள் அதைக் குத்தும்போது பொறி கிளம்பி வெடிமருந்தைப் பற்றவைக்கும். அந்தப் பொறி மருந்து பல காலமாகக் காரீயம் சேர்ந்த வேதிப்பொருள். சுட்டதும் அது புகையாக, சுடுகிறவர் முகத்துக்கு நேராகத்தான் வரும். காரீயமற்ற பிரைமரும் இருக்கிறது. பயிற்சிக் கூடத்துக்குத் தோட்டா வாங்குகிறவர்கள் குண்டு, பிரைமர் இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெட்டியில் குண்டைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் பாதிக் கதைதான் அது.

நம் நாட்டில் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் போலீஸுக்கும் படைகளுக்கும்தான். உரிமம் வாங்கிய தனியாரிடம் இருப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர். அவர்கள் சுடுவது அரிது. அதனால் நம் ஊரில் மாற்றம் தொடங்க வேண்டிய இடம் பயிற்சிக் களமும், பள்ளி கல்லூரிப் பிள்ளைகள் ஏர் பிஸ்டல் பழகும் கூடமும்தான் என்பது என் எண்ணம். அங்கேதான் ஆயிரக்கணக்கில் குண்டு செலவாகிறது. மாற்றும்வரை செய்ய வேண்டியது செலவில்லாத வேலை: சுட்ட கையோடு எதையும் வாயில் வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுவது, தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, அந்தச் சட்டையைத் தனியாகத் துவைப்பது, குண்டு டப்பாவைச் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது.

அண்ணன் மகளுக்கு ஒரு டப்பா வெள்ளீயக் குண்டு வாங்கிக் கொடுத்தேன். 10 மீட்டர் போட்டி விதியில் காரீயமோ அதுபோன்ற மென்மையான வேறு பொருளோ இருக்கலாம் என்றுதான் இருக்கிறது. முதல் நாளே போன் வந்தது. “சித்தப்பா, இது கொஞ்சம் மேல போய் விழுது.” லேசான குண்டு வேகமாகக் கிளம்புவதால்தான் அப்படி என்றேன். குறிமுனையைத் திருத்தி, பத்துப் பத்துக் குண்டாகச் சுட்டு, எது எங்கே விழுகிறது என்று நோட்டில் எழுதி வருகிறாள். காரீயத்தில்தான் குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன என்று இதுவரை உள்ள பக்கங்கள் சொல்கின்றன. டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது.